1942 பிப்ரவரியில் ஓலை வாசித்தால் தாலி எப்போது?

நீலகிரி, கொடைக்கானல் பின்னணியில் இரண்டாம் உலகப்போர்க் காலக் கிறிஸ்தவக் காதல் நாவல் எழுதுகிறவர்கள், திருத்துகிறவர்கள், கையெழுத்துப் பிரதிகளில் எதிர்ப்பட்ட இடறல்களை இந்த இழையில் பகிரலாம்.

கோத்தகிரி உறுப்பினர்

வருகிற பிரதிகள் பெரும்பாலும் 1942-ஐத்தான் பிடிக்கின்றன. பிடிக்கட்டும், ஆனால் திருச்சபை நாட்காட்டியைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு எழுதுங்கள். சிங்கப்பூர் விழுந்தது பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பிப்ரவரி 18. ஈஸ்டர் ஏப்ரல் 5. கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் அன்று காலையில்தான். மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா.

கத்தோலிக்க ஜோடிக்கு மூன்று ஓலை, அதாவது கோயில் பூசையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு, வேண்டும். முதல் ஓலை பிப்ரவரி 15 பூசையில் என்றால் மூன்றாவது மார்ச் 1. அது தவக்காலத்துக்குள் விழுகிறது. அப்போது நடப்பிலிருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தவக்காலத்தில் கல்யாணத்தையே தடுக்கவில்லை. தம்பதிக்குச் சாமியார் சடங்கோடு கொடுக்கும் ஆடம்பர மணஆசீரைத்தான் தடுத்தது. தகுந்த காரணம் இருந்தால் மேற்றிராணியார் (பிஷப்) அதற்கும் அனுமதி தரலாம். ஆனால் ஊட்டி மறைமாவட்டம் உருவானதே 1955-ல். மனு வெளியூருக்குப் போய் வர வேண்டும். ராணுவத்தில் இருக்கும் நாயகனின் விடுப்பு அதற்குள் முடிந்துவிடும். மணஆசீர் இல்லாமல் அடக்கமாகத் தாலி கட்டுவதா, ஈஸ்டர் வரை காத்திருப்பதா? இந்தக் கேள்வி கையில் இருக்கும்போது சொத்துக்கு ஆசைப்படும் தாய்மாமனைக் கொண்டுவந்து கல்யாணத்தை நிறுத்துவது வீண். நாயகியின் விசுவாசமே தடையாகவும் துணையாகவும் நிற்கிற இடம் இது. இந்த வகைக் கதைக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

குன்னூர் உறுப்பினர்

அண்ணன் சொன்னதோடு கலப்பு மணத்தையும் சேர்க்க வேண்டும். பெண் கத்தோலிக்கம், பையன் புரொட்டஸ்டன்ட் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எழுதிவிட்டு கோயில் பீடத்தின் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சட்டப்படி அப்படி நடக்காது. மேற்றிராணியார் தனியாக அனுமதித்தால் தவிர, கலப்பு மணத்துக்கு ஓலையும் கிடையாது, கோயிலுக்குள் சடங்கும் கிடையாது. சாமியார் பங்களாவிலோ வேறு இடத்திலோ சாட்சிகள் முன் முடியும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இருவரும் வாக்குக் கொடுக்க வேண்டும், வழக்கமாக எழுத்தில். மாப்பிள்ளையின் அப்பா உபதேசியாராக இருந்தால் அந்தக் கையெழுத்து ஒன்றே ஒரு முழு அத்தியாயம்.

கல்யாணம் காலையில்தான் வையுங்கள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அந்த விதி 1953-ல்தான் தளர்ந்தது. பூசைக்கு முன் மணப்பெண்ணுக்கு அத்தை காபி கொடுக்கும் காட்சியை எடுத்துவிட வேண்டும். பூசை லத்தீனில். ஊட்டி ஸ்டீபன் தேவாலயம் 1830-லேயே பிரதிஷ்டை ஆனது, ஆனால் 1943-ல் அதை சி.எஸ்.ஐ. கோயில் என்று எழுதக் கூடாது. தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 27 செப்டம்பர் 1947.

வெலிங்டன் உறுப்பினர்

ராணுவப் பக்கத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில் நாயகனை வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு அனுப்பாதீர்கள். அது குவெட்டாவில் இருந்தது. 1947-ல்தான் இங்கே வந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் 1947-ல் வந்ததே. அதற்கு முன் மதுக்கரை. மெட்ராஸ் சாப்பர் (ராணுவப் பொறியியல் படை) என்றால் பயிற்சி பெங்களூரில். உள்ளூர் வேலை வேண்டுமென்றால் 1904 முதல் ஓடும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது.

ரயில் காட்சியில் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நீலகிரி மலை ரயிலுக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, ஏற்றம் சுமார் பன்னிரண்டுக்கு ஒன்று. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடாமல் இருக்க இன்ஜின் எப்போதும் இறக்கப் பக்கம்தான். மேலே வரும்போது பின்னாலிருந்து தள்ளும். கீழே போகும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகவே அவன் திரும்பி வருகிற நாளில் வளைவில் அவள் கண்ணுக்கு முதலில் படுவது பெட்டி, புகை விடும் இன்ஜின் அல்ல. முதல் பெட்டியின் முன்தளத்தில் கொடியோடு பிரேக்மேன் நிற்பார். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிந்து பாதை அடைபடுவது வழக்கம். தாமதம் வேண்டுமானால் அது போதும்.

நடுவட்டம் உறுப்பினர்

நாயகிக்கு எப்போதும் நர்ஸ் வேலைதானா? நம் மலையில் சிங்கோனா இருக்கிறது, மலேரியா மருந்தான கொய்னா அதன் பட்டையிலிருந்துதான். உலகத்துக் கொய்னாவில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் போனதும் நடுவட்டத்துப் பட்டைக்குத் திடீர் மதிப்பு. பட்டையை உரித்து, உலர்த்தி, பொடித்து, சுண்ணாம்போடு கலந்து எண்ணெயில் சத்தை இறக்கி, அமிலத்தில் பிரித்து உப்பாக்குவார்கள். தட்டுப்பாடு வந்ததும் புதுக்கன்று நட்டு அடுத்த வருஷமே பட்டை உரித்தார்கள் என்று எழுதினால் பொய். நல்ல மகசூலுக்கு மரம் ஏழெட்டு வருஷம் நிற்க வேண்டும்.

பர்மா முனையில் சிப்பாய்களுக்குக் கொய்னாவுக்குப் பதில் மெபாக்ரின் மாத்திரை, தினம் ஒன்று. அது தோலை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்ற புரளியால் துப்பிவிட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்களும் உண்டு. விடுப்பில் வந்தவனைப் பார்த்து மாமியார் வீட்டார் மஞ்சள்காமாலை என்று பயப்படலாம். அவள் மட்டும் கேள்விப்பட்ட புரளியை மனசுக்குள் வைத்துத் தவிக்கலாம். ஜெபத்தில்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம். இதை யாரும் இன்னும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம்.

கொடைக்கானல் உறுப்பினர்

சின்ன விஷயங்கள் சில. குறிஞ்சி 1934-ல் பூத்தது, அடுத்தது 1946. நடுவில் 1942, 1943 என்று பூக்க வைக்காதீர்கள். 1946 ஆகஸ்டுக்குப் பின் படை கலைந்து வருகிறவனுக்கு மலையே நீலமாக இருக்கும், அது உண்மை.

1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் மலையில் விடிய ஏறத்தாழ ஏழரை மணி. ஆறரை மணிப் பூசைக்கு அரிக்கேன் விளக்கோடுதான் போவார்கள், மண்ணெண்ணெயும் பங்கீட்டில்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயு பஸ் ஓடிய காலம். கிளம்புமுன் கிளீனர் அடுப்பு மூட்டி விசிறிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மலையேற்றத்தில் பெட்ரோல் வண்டி மாதிரி இழுக்காது. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கியவன் அரை மணியில் வீட்டுத் திண்ணையில் நிற்பதாக ஒரு பிரதியில் வந்தது. எண்பது கிலோமீட்டர் மலைச்சாலை அது.

கோத்தகிரி உறுப்பினர்

சிங்கப்பூரில் சிறைப்பட்டவன் என்றால் மாதம் ஒரு நீளக் கடிதம் வராது. ஜப்பானியரிடம் இருந்த கைதிகளிடமிருந்து வந்தவை பெரும்பாலும் அச்சடித்த அட்டைகள். அவர்களுக்கு எழுதுவதற்கும் பின்னாளில் இருபத்தைந்து சொல்தான் அளவு. அவன் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தான் என்று வைத்தால் 1945-க்குப் பின் விசாரணை முகாம் வரும். சர்க்காருக்கு விசுவாசமானவன் வெள்ளை, நடுவில் சாம்பல், ஐ.என்.ஏ.வில் உறுதியாக நின்றவன் கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். கறுப்பு என்று முத்திரை விழுந்தவனை மருமகனாக்க அருவங்காட்டில் வேலை பார்க்கும் அப்பா யோசிப்பார், ஏனென்றால் அவர் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவது அதே சர்க்காரிடம்.