மாமியின் போனில் 2018 ஜனவரி 1: தடை நாள் அனுபவங்கள்

செங்கலடியிலிருந்து:

இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசு தடை செய்த நாட்களின் அனுபவங்களை எழுதச் சொன்னார்கள். தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் தேடி அலைந்த கதையை நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் அடுப்படிப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன், அதாவது அந்த மாதிரி மென்பொருளைச் செய்கிற பக்கம்.

நான் வேலை செய்வது ஒரு சின்னச் செயலியில். தடை போட்டாலும் செய்தி போக வேண்டும், யார் அனுப்பினார் என்று இடையில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. யாரும் எடுத்துப் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள், உள்ளே ஓடுவது அனுப்புபவரை மறைக்கிற டோர் என்ற வலையமைப்பு. நாலைந்து நாட்டுக்காரர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் செய்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. செயலியின் பேரை இங்கே போடவில்லை, ஏன் என்று கீழே விளங்கும்.

இதில் நான் சேர்ந்தது 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு. அன்று, ஈஸ்டர் ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது என் சித்தியின் மகள் டவுனில் வேறொரு ஆலயத்துக்குப் போயிருந்தாள். போன் எடுத்தால் லைன் கிடைக்கவில்லை, பிறகு வட்ஸ்அப்பும் வைபரும் நின்றுவிட்டன. 'நான் சுகமா இருக்கன்' என்று அவள் அனுப்பிய செய்தி, தடை எடுபட்ட பிறகு ஏப்ரல் 30 அன்றுதான் என் போனில் வந்து விழுந்தது. அவள் அன்று மத்தியானமே நடந்து வீடு வந்து சேர்ந்துவிட்டாள், ஆனாலும் ஒன்பது நாள் கழித்து அந்த வரியை வாசித்தபோது கை நடுங்கியது.

சரி, சொல்ல வந்தது 2022 ஏப்ரல் 3. ஞாயிற்றுக்கிழமை. சனி மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணி வரை நாடு முழுக்க ஊரடங்கு. அந்தக் கிழமைதான் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். நடுச்சாமம் தாண்டியதும் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப், ட்விட்டர் எல்லாம் நின்றுபோயின. காலையில் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்து வளவு மாமி வேலிப் பொட்டால் வருகிறார், கையில் போன், கண்ணாடி ஒரு மூலையில் வெடித்து அதன்மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறது. 'மனே, ராவைக்கு எடுக்கன் எண்டு சொன்னவன், இன்னும் எடுக்கல்ல. இது சும்மா சுத்திக்கொண்டு கிடக்கு, என்னெண்டு பாரு.' மகன் கட்டாரில் வேலை. இங்கே சாமான் இல்லை, காஸ் இல்லை, நாட்டில் என்ன நடக்கிறதென்று அவன் அங்கே தவித்துக்கொண்டிருப்பான் என்பது அவருடைய கவலை.

எங்கள் செயலியை என் போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பி அவருடைய போனில் ஏற்றினேன். வட்ஸ்அப் டோர் வழியாகப் போகும்படி வைத்தேன். நானே எழுதிய துண்டுகளும் உள்ளே இருக்கிற செயலி, எங்கள் ஊரில் ஒருவருக்கு உண்மையாகவே தேவைப்பட்ட முதல் நாள், மனசு அடித்துக்கொண்டது. இணையவே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு வரி சிவப்பாக வந்தது, மாமி அதைப் பார்த்துவிட்டு 'பழுதாக்கிப்போட்டியா மனே' என்று கேட்டார்.

நானும் பத்து நிமிடம் அங்கே இங்கே தட்டிப் பார்த்தேன். என் போனில் வேலை செய்கிறது, அவருடையதில் இல்லை. பிறகுதான் திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தேன், 5.40 என்று காட்டுகிறது. திகதி 2018 ஜனவரி 1. கரண்ட் இல்லாமல் இரவு போன் செத்திருக்கிறது, பற்றரியும் பழசு, காலையில் எழும்பியபோது திகதி பழைய இடத்துக்குப் போய்விட்டது. நேரத்தைத் தானாக எடுக்கிற அமைப்பை யாரோ எப்போதோ நிறுத்தியிருக்கிறார்கள்.

டோருக்கு இது பெரிய விஷயம். அது உங்கள் செய்தியை மூன்று கணினிகள் வழியாக அனுப்புகிறது, வெங்காயத் தோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி. முதல் கணினிக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகிற இடம் தெரியும், ஆளைத் தெரியாது. எந்தெந்தக் கணினிகள் இப்போது உயிரோடு இருக்கின்றன என்ற பட்டியலை அது அடிக்கடி எடுத்துப் பார்க்கும், அந்தப் பட்டியல் சில மணித்தியாலத்துக்குத்தான் செல்லுபடி. போன் 2018 என்று நினைத்துக்கொண்டிருந்தால் 2022இன் பட்டியலை நம்பாது, நம்பவும் கூடாது.

திகதியைத் திருத்தினேன், அரை நிமிடத்தில் இணைந்தது. செய்தி போனது. ஆனால் மாமிக்கு வேண்டியது குரல். இணையத்தில் தரவு போக டிசிபி, யூடிபி என்று இரண்டு முறை இருக்கின்றன. டோர் கொண்டுபோவது டிசிபி மட்டும்தான், அழைப்புகள் பெரும்பாலும் யூடிபியில் ஓடுபவை, அதனால் அழைப்பு மணி அடிப்பதும் அறுவதுமாக நின்றது. அப்போதுதான் வொய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது, அது வெறும் கோப்புத்தானே. மைக் படத்தை அமத்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கட்டார் வரைக்கும் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னார்: 'நாங்க சுகம், அரிசி கிடக்கு, நீ ஒண்டுக்கும் யோசியாத.' பதில் வர ஐந்து நிமிடம் எடுத்தது. அதைக் காதோடு வைத்து மூன்று தரம் கேட்டார்.

தடை அன்று பின்னேரமே எடுபட்டுவிட்டது. மாமியின் ரீலோட்டும் முடிந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். சமூக வலைத்தளத்துக்கு மட்டும் என்று விற்கிற டேட்டா பக்கேஜ்தான் அவரிடம் இருந்தது. விபிஎன்னோ டோரோ போட்டால் கொம்பனியின் கணக்கில் அது வட்ஸ்அப்பாகத் தெரியாது, மீதிக் காசிலிருந்துதான் வெட்டும். இந்தச் சங்கதி எங்கள் செயலியை எழுதிய வெளிநாட்டுக்காரர் யாருக்கும் தெரியாது, நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது முதல் திரையிலேயே அதற்கு ஒரு வரி இருக்கிறது.

அந்தத் திகதிப் பிரச்சினைக்கு நான் எழுதிய திருத்தம்தான் என் முதல் உருப்படியான வேலை. செயலி எந்த நாளில் கட்டப்பட்டது என்பது அதற்குள்ளேயே இருக்கும். போன் அதைவிடப் பழைய நாளைக் காட்டினால் போன்தான் பிழை, வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வரிதான். அதற்கான தமிழ் வசனத்துக்குப் பட்ட பாடு அதைவிடப் பெரிது. முதலில் 'கடிகார முரண்பாடு கண்டறியப்பட்டது' என்று போட்டிருந்தோம், மாமிக்கு வாசித்துக் காட்டினேன், சுவர் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தார். 'போனில் திகதி பிழை' என்று மாற்றினேன். சென்னையிலிருந்து மொழிபெயர்க்கும் ஒருவர், அங்கே தேதி என்றுதான் சொல்வோம், திகதி விளங்காது என்றார். அவர் சொன்னதும் நியாயம், தமிழ் எல்லோருக்கும் ஒரே கோப்புத்தான். கடைசியில் 'உங்கள் போனில் நாளும் நேரமும் பிழையாக உள்ளன' என்று முடித்தோம். 'இணைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்பது சின்னத் திரையில் பாதியோடு வெட்டுப்பட்டதால் 'இணைகிறது' ஆனது.

பேர் ஏன் போடவில்லை என்றால், நான் அங்கே வேறு பேரில்தான் எழுதுகிறேன். பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டது எங்கள் மட்டக்களப்பில்தான், அம்மா அதை இன்றைக்கும் சொல்லுவார். அதனால் கவனமாகத்தான் இருந்தேன். ஆனாலும் ஆறு மாதம் கழித்து திட்டத்தில் மூத்தவர் ஒருவர் தனியாக எழுதினார்: உன் பேர் மறைந்திருக்கிறது, உன் நேரம் மறையவில்லை. நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கிற கிட் என்ற கருவி, ஒவ்வொரு மாற்றத்தோடும் நேர வலயத்தையும் எழுதி வைக்கும், என்னுடையது எல்லாவற்றிலும் +0530. இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கிறேன், பகலில் வேலை, இரவு 9 மணிக்குப் பிறகு எழுதுகிறேன் என்று யாரும் வாசிக்கலாம். அன்றே கணினியை எந்த நாட்டையும் காட்டாத யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றினேன். பழையவை அப்படியேதான் கிடக்கின்றன.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி, மாமியின் கதை மனதைத் தொட்டது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, கோபிக்க வேண்டாம். 2018 பெப்ரவரி 26 இரவு என் மச்சான் அம்பாறை டவுனில் ஒரு கடையில் நின்றான். சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்தது என்று சொல்லி ஒரு சாப்பாட்டுக் கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். கடைக்காரனை நடுவில் நிற்க வைத்துத் தலையாட்டப் பண்ணிய வீடியோ நாடு முழுக்க ஓடியது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாக்கட்டி. மச்சான் விடியும்வரை கடையின் பின்பக்கம் மூட்டைகளுக்கு இடையில் இருந்தான், லைட் தெரியும் என்று போனைக்கூடத் திறக்கவில்லை. மார்ச் 7இல் தடை வந்தபோது எங்கள் வீட்டில் 'அல்ஹம்துலில்லாஹ், இப்பவாவது நிப்பாட்டினாங்களே' என்றுதான் சொன்னோம். யாராலும் நிற்பாட்ட முடியாத ஒன்றை நீங்கள் செய்கிறீர்கள். நாளைக்கு அதே வீடியோ அதில் ஓடினால் என்ன செய்வீர்கள்?

வாழைச்சேனையிலிருந்து:

நான் என் பிழையை எழுதுகிறேன், இன்னொருவர் செய்யாமல் இருக்கட்டும். எங்கள் பக்கம் இரவில் ஆற்று மண் அள்ளிக்கொண்டு போகிற உழவு இயந்திரத்தைப் படம் பிடித்து, புதுப் பேரில் ஒரு கணக்குத் தொடங்கி, டோர் பிரவுசரில் போய், கவனமாக ஒரு பத்திரிகைக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் நல்ல மனிதர், உடனே பதில் எழுதினார்: தம்பி, படத்துக்குள்ளே நீங்கள் நின்ற இடம் இருக்கிறது, அழித்துவிட்டு அனுப்புங்கள். கமராவில் லொகேஷன் போட்டபடி எடுத்திருக்கிறேன். வரைபடத்தில் போட்டால் எங்கள் வீட்டுப் பின் வேலி, முருங்கை மரத்தடி, அச்சொட்டாகக் காட்டுகிறது. அது வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தால் என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டோர் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதை அழிக்கவும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறதா?

செங்கலடியிலிருந்து:

நானா, கோபம் இல்லை. இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால்தான் எனக்குப் பயம். கெட்டவனுக்கும் இந்தக் கதவு திறக்கும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள், அம்பாறையில் ஓடிய அந்த வீடியோ மறைவாக ஓடவில்லை. பகிரங்கமாக, அறியாதவர் திரையிலும் தானாக வந்து நிற்கிற இடத்தில் ஓடியது. அம்பாறை உடைந்தது பெப்ரவரி 26இல், தடை வந்தது கண்டிப் பக்கம் திகனையும் எரிந்த பிறகு மார்ச் 7இல். நாங்கள் செய்கிற மாதிரிச் செயலிகளில் பெரும்பாலும் அப்படி ஊருக்கெல்லாம் பரப்ப வழியே வைப்பதில்லை. பிரையர் என்று ஒரு செய்திச் செயலி இருக்கிறது, 2018 மே மாதம் முதல் பதிப்பு வந்தது, அதில் ஒருவரைச் சேர்க்க நேரில் போனோடு போனைக் காட்டி ஸ்கேன் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் இணைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் புளூடூத்திலும் வைஃபையிலும், சேர்த்து வைத்த ஆள் பக்கத்தில் இருந்தால் செய்தி போகும். அன்று உங்கள் மச்சான் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தபோது, அடுத்த கடையில் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அவருக்கு அந்த மாதிரி ஒன்று உதவியிருக்குமோ என்று இதை எழுதும்போது யோசிக்கிறேன். உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் புதிதாக ஒரு வசதி சேர்க்கும்போது இனி அம்பாறையை நினைத்துக்கொண்டுதான் சேர்ப்பேன்.

வாழைச்சேனைத் தம்பி, டோர் வழியைத்தான் மறைக்கும், பொதிக்குள் இருப்பதைத் தொடாது. படத்தின் விவரங்களை அழிக்கக் கணினியில் மேட்2 என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, கட்டற்றது. இரண்டாவது, கமராவில் லொகேஷனை இப்போதே நிறுத்திவிடு. மூன்றாவது, அந்தப் படத்தில் முருங்கைக் கொப்பு ஏதும் விழுந்திருக்கிறதா பார், ஊர்க்காரனுக்கு ஜிபிஎஸ் தேவையில்லை. வருகிற ஞாயிறு பின்னேரம் வந்தால் இருந்து எல்லாவற்றையும் போட்டுத் தருகிறேன். போனை நல்லாச் சார்ஜ் பண்ணிக் கொண்டு வா, முதலில் திகதியைத்தான் பார்ப்பேன்.