மறு: மாற்றுத்திறனாளிகள் நடக்கச் செலவாகும் ஆற்றல் – எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். மாற்றுத்திறனாளிகள் நடக்கும்போது செலவாகும் ஆற்றலை மருத்துவ அறிக்கையில் குறிக்க ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> "நடையாற்றல்" என்றே வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா, ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். ஆற்றல் என்றால் நமக்குத் திறனும்தானே? "இவருடைய நடையாற்றல் கூடியிருக்கிறது" என்று அறிக்கையில் எழுதினால், வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். சொல்லவந்ததோ, முன்னைவிடச் சிரமப்பட்டு நடக்கிறார் என்பது. "செலவு" உள்ளே இருந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, செலவாகும் ஆற்றலை உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனைக் கொண்டுதான் அளக்கிறார்கள். இங்கே அளவைகள் இரண்டு. நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்பது ஒன்று, மீட்டருக்கு எவ்வளவு என்பது மற்றொன்று. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் வாட்டர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்த எண்களைப் பாருங்கள். குறைபாடு இல்லாத பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடக்கிறார். எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 12 மி.லி. ஆக்சிஜன் ஆகிறது. ரத்தக்குழாய் நோயால் முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டு, செயற்கைக்காலில் நடப்பவருக்கு 12.6. பெரிய வேறுபாடே இல்லையே என்று தோன்றும். ஆனால் அவர் நிமிடத்துக்கு நடப்பது 36 மீட்டர்தான். வேகத்தைக் குறைத்து மூச்சைக் காத்துக்கொள்கிறார். மீட்டருக்குக் கணக்கிட்டால், கிலோவுக்கு 0.15 மி.லி. எங்கே, 0.35 மி.லி. எங்கே! இரண்டு மடங்குக்கும் மேல்.

தொடையில் கையை ஊன்றி நடக்கும் போலியோ பாதிப்புள்ளவரிடம் கேளுங்கள், "கடைத்தெரு வரைக்கும் போறதுக்குள்ள ஓஞ்சிடுறேன்" என்பார். அவர் கணக்கு தூரத்தில்தான். நாம் இரண்டு அளவைக்கும் ஒரே சொல்லை வைத்தால், அவர் படும் பாடு அறிக்கையில் மறைந்துபோகும்.

என் முன்மொழிவு: மீட்டருக்கு ஆவது நடைச்செலவு, நிமிடத்துக்கு ஆவது செலவு வீதம். "நடைச்செலவு கூடியது" என்றால் நிலைமை மோசம் என்று யாருக்கும் விளங்கும்.

> பயணக் காசு என்று குழப்பம் வராதா?

அதற்கு "வழிச்செலவு" ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது அம்மா. சங்க இலக்கியத்தில் செலவு என்றாலே போதல்தான்; தலைவன் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவது "செலவழுங்குதல்". அந்தப் பொருளும் இதில் ஒட்டி நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆக்சிஜன் அளக்கும் கருவி இல்லாத இடங்களில், நடக்கும்போதுள்ள நாடித்துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, வேகத்தால் வகுக்கிறார்கள். ஒரு மீட்டருக்கு எத்தனை கூடுதல் துடிப்பு என்று கிடைக்கும். அதற்கு "நாடிவழி நடைச்செலவு" என்று எழுதிப் பார்க்கிறேன். இயன்முறை மருத்துவர்கள் குழுவில் இருந்தால், நோயாளியிடம் இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, இடறுகிறதா என்று எழுதுங்கள்.