குடும்ப ஜெபக் குழு: சியரா லியோனின் ஃப்ரீடவுனிலிருந்து அக்கா

காலை 11:28
அக்கா: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே ஆறு மணி ஆகப்போகிறது. எங்கள் ஆஸ்பத்திரிக் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் ஊரே தெரியவில்லை. சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஏழு மணிக்கு டியூட்டி.

அம்மா: தோத்திரம் மகளே. மூக்கில் துணி கட்டிக்கொள். உனக்குத் தூசி ஆகாது.

அத்தை: மருமகளே, அங்கே சோறு கிடைக்கிறதா, எப்போதும் ரொட்டிதானா?

அக்கா: அத்தை, இந்த ஊர்க்காரர்கள் நம்மைவிடச் சோற்றுப் பிரியர்கள். வேறு எதைச் சாப்பிட்டாலும், சோறு இறங்காத நாளைச் சாப்பிட்ட நாளாகவே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மரவள்ளி இலையை இடித்து, பாமாயில் ஊற்றி, மீன் போட்டு ஒரு குழம்பு வைக்கிறார்கள். நல்ல காரம். உங்களுக்குப் பிடிக்கும்.

நான்: ஆட்டோவில் போனேன் என்றாயே?

அக்கா: ஆமாம்டா, இங்கே கெக்கே என்பார்கள். நம் ஊர் பஜாஜ், டிவிஎஸ்தான். சரி, கிளம்புகிறேன். ஒரு ஜெபக் குறிப்பு: இன்று என் வார்டில் ஒரு சிறு பெண்ணுக்கு முதல் தடவையாகக் கட்டைப் பிரிக்கிறோம். ஒட்டு வைத்த தோல் பிடித்திருக்க வேண்டும்.

பெரியப்பா: ஜெபிக்கிறோம் அம்மா. இன்னொரு விஷயம். ஞாயிறு ஆராதனையில் உன் ஊழிய அறிக்கையை வாசிக்க வேண்டும் என்று நம் சபைப் போதகர் ஐயர் கேட்டிருக்கிறார். எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள், எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதி அனுப்பு. நோயாளிகள் படமும் இரண்டு வேண்டும்.

பகல் 12:15
சித்தப்பா: அண்ணன், அவள் டியூட்டியில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். அந்தக் கப்பலுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் போகிறவர்களே கட்ட வேண்டும். நம் சபையில் பிடியரிசிக் காணிக்கைவரை சேர்த்துத்தான் கொடுத்தோம். குறை சொல்லவில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் நோயாளிகளே இல்லையா?

பெரியப்பா: தம்பி, அப்படிக் கணக்குப் பார்த்திருந்தால் நம் ஊருக்கு யார் வந்திருப்பார்கள்? பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ஜெனிக்கே ஐயர் காய்ச்சலில் விழுந்து விழுந்து எழுந்து, 1800இல் போய்ச் சேர்ந்தார். அவருடைய அண்ணன் பெர்லினில் மிஷனெரிகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் அங்கே படித்தவர்தான். அதே பள்ளியில் படித்த ரென்னர், ஹார்ட்விக் என்ற இரண்டு பேரைத்தான் சிஎம்எஸ் என்ற இங்கிலாந்து மிஷனெரிச் சங்கம் 1804இல் தன் முதல் மிஷனெரிகளாக அனுப்பியது. எங்கே அனுப்பியது தெரியுமா? இவள் இப்போது நிற்கிற சியரா லியோனுக்கு. வெள்ளைக்காரனின் கல்லறை என்று பெயர் வாங்கிய கரை அது. தெரிந்தேதான் போனார்கள்.

சித்தப்பா: இது எனக்குத் தெரியாது அண்ணன்.

இரவு 7:45
அக்கா: தோல் பிடித்திருக்கிறது! எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அம்மா: ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். என்ன ஆயிற்று அந்தப் பிள்ளைக்கு?

அக்கா: தவழும் வயதில் அடுப்பில் விழுந்தவள் அம்மா. இங்கே பல வீடுகளில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு, தரையோடு தரையாக. புண் ஆறும்போது முழங்கை மடங்கிய நிலையிலேயே தோல் இறுகிவிட்டது. பல வருஷமாக அந்தக் கையை நீட்டியதே இல்லை. டாக்டர்கள் இறுகிய தோலை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து நாள் கட்டைத் தொடவில்லை.

இன்று கட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவளுடைய பாட்டி பாய் விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். கூட வருகிறவர்கள் நோயாளியின் கட்டிலுக்கு அடியிலேயே மெத்தை போட்டுப் படுக்கிறார்கள், அதனால் அந்தச் சின்ன இடம்தான் அவர்களுக்கு வீடு. அப்புறம் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, துணியை நனைத்து, ஒவ்வொரு இழையாக எடுத்தேன். அவசரப்பட்டு இழுத்தால் புதுத் தோலும் கூடவே வந்துவிடும். எங்கள் மொழிபெயர்ப்பாளர் இந்த ஊர்க்காரர். அவளைச் சோப்புக் குமிழி ஊதச் சொல்லிக்கொண்டே இருந்தார். கையைவிடத் தோல் எடுத்த தொடைதான் அவளுக்கு வலி. கடைசித் துணி வந்ததும் கீழே இளஞ்சிவப்பாகத் தோல். டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார், வெளுத்து உடனே நிறம் திரும்பியது. பாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நான்: கை முழுக்க நீண்டுவிட்டதா?

அக்கா: முக்கால்வாசி. இனிமேல் பயிற்சியும், ராத்திரி தோறும் மட்டை கட்டுவதும் மாதக்கணக்கில் உண்டு. கரையில் கப்பல்காரர்களே ஒரு தங்கும் விடுதி வைத்திருக்கிறார்கள். அங்கே தங்கி வந்து போவார்கள்.

அத்தை: படம் அனுப்பு மருமகளே, பார்க்கட்டும்.

அக்கா: முடியாது அத்தை. வார்டில் நாங்கள் போனில் படம் எடுக்கக் கூடாது. எடுக்கலாம் என்றாலும் அனுப்ப மாட்டேன். நம் வீட்டுப் பிள்ளை தீக்காயத்தோடு படுத்திருக்கிற படம் வேறு நாட்டில் ஒரு கோயில் திரையில் ஓடினால் நமக்கு எப்படி இருக்கும்?

சித்தப்பா, உங்கள் கேள்வியைப் படித்தேன். கேட்க வேண்டிய கேள்விதான். பாளையங்கோட்டையில் ஒரு பிள்ளை தீயில் விழுந்தால் தாய் பஸ் ஏறி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். இங்கே 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். 2014இல் எபோலா வந்து கிட்டத்தட்ட 4000 பேர் இறந்தார்கள், அதில் நர்ஸ்களும் டாக்டர்களும் நிறைய. அறுவை சிகிச்சை டாக்டர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய நிலைமை. உலகத்தில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டவில்லை என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழின் குழு கணக்கிட்டது. அந்த 500 கோடியில் ஒருத்தியின் கைக்கட்டைத்தான் இன்று பிரித்தேன்.

சித்தப்பா: சரி மகளே. கப்பல் கிளம்பிப் போன பிறகு?

அக்கா: எனக்கும் அந்தக் கவலை உண்டு. 2023இலிருந்து எங்கள் கப்பல் குளோபல் மெர்சி இந்தத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆறு அறுவை அரங்கு இருக்கிறது. ஆனாலும் கப்பல் கப்பல்தான். இந்த நாட்டு நர்ஸ்களும் டாக்டர்களும் எங்களோடு நின்று பழகுகிறார்களே, அதுதான் இங்கே தங்கும். என்னைக் கேட்டால் அறுவை சிகிச்சையைவிட அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். வேலூரில் படித்த கட்டு முறையை இன்று ஒரு தங்கைக்குக் காட்டிக்கொடுத்தேன். நாளைக்கு அவள் கட்டப்போகிறாள், நான் பக்கத்தில் நிற்பேன்.

பெரியப்பா: அறிக்கை?

அக்கா: பெரியப்பா, நீங்கள் கேட்ட எண்ணிக்கை என்னிடம் இல்லை. எடுக்கவும் மாட்டேன். இங்கே பத்தில் ஏழு பேருக்கு மேல் முஸ்லிம்கள். பிள்ளையை அறுவை மேஜைக்கு அனுப்பிவிட்டு நிற்கிற தாயிடம் போய்க் கேட்டால், பயத்தில் எதற்கும் ஆமாம் என்பாள். இலவச சிகிச்சைக்கு விசுவாசத்தை விலையாகக் கேட்டதாக ஆகிவிடும்.

அத்தை: ஆண்டவர் பெயரைச் சொல்லாமல் என்ன ஊழியம் மருமகளே? மனதில் பட்டதைக் கேட்கிறேன்.

அக்கா: சொல்லாமல் இல்லை அத்தை. ஷிப்ட் தொடங்கும்போது நாங்கள் நின்று ஜெபிப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஏன் சம்பளம் இல்லாமல் வந்தாய் என்று கேட்கிறார்கள், அப்போது சொல்கிறேன். ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணுகிறேன். இன்று அந்தப் பாட்டியே கேட்டார். எரிகோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் சமாரியன் உன் ஜாதி என்ன, யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். நான் நர்ஸ், எனக்கு அந்த வசனம் போதும்.

பெரியப்பா: நீ எழுதுவதை அப்படியே வாசிக்கச் சொல்கிறேன் அம்மா. ஐயரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா: நன்றி பெரியப்பா. ரென்னர் ஐயர் கதையையும் சேர்த்துவிடுங்கள். போன ஞாயிறு கன்னாட் ஆஸ்பத்திரி பக்கம் கிங்ஸ் யார்டு வாசலைப் பார்த்தேன். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம். 1822இல் அப்படி மீட்கப்பட்டு இந்த ஊரில் இறங்கிய பையன்தான் சாமுவேல் குரோதர். சிஎம்எஸ் 1827இல் தொடங்கிய ஃபோரா பே கல்லூரியில் முதல் மாணவர், 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர். நம் வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

இரவு 9:20
அக்கா: அம்மா, பயப்படாதே. ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே ரத்த வங்கி நாங்கள்தான். அரங்கில் ஒருவருக்கு ஓ பாசிட்டிவ் தேவைப்படுகிறது.

அம்மா: நாள் முழுக்க நின்றுவிட்டா? சாப்பிட்டாயா இல்லையா?

இரவு 10:35
அக்கா: கொடுத்துவிட்டேன். சாப்பிட்டேன், தண்ணீரும் குடித்தேன். அவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறதாம்.

அம்மா: சரி, படு. போனை வை.

நான்: ஞாயிறு வீடியோ கால் எத்தனை மணிக்கு?

அக்கா: உங்களுக்கு மாலை ஐந்தரை. பெரியப்பாவையும் நம் வீட்டுக்கு வரச் சொல்.