புதுச்சேரி மரபுக் கட்டடங்களுக்கு ஒரு மாணவர் சுவரொட்டி: எதைக் காட்டுவது?

கேள்வி: காட்சித் தொடர்பியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நகரத்தின் மரபுக் கட்டடங்களை எடுத்துச்சொல்லும் சுவரொட்டி ஒன்றை ஏ2 அளவில் செய்துவரும்படி எங்கள் வகுப்பில் பணி கொடுத்திருக்கிறார்கள். முதல் வரைவில் பழைய கலங்கரை விளக்கம், ஆயி மண்டபம், மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கால நகராட்சி மன்றம்), ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை, கடற்கரைப் பக்கத்து மஞ்சள் வீடுகள் என எட்டுப் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, மேலே ‘நம் பாரம்பரியத்தைக் காப்போம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்த ஆசிரியர், “வெளியூர்க்காரர் வாங்கிப்போகும் அட்டையைப் போல் இருக்கிறது, இந்த ஊர்க்காரர் யாரும் இதன் முன் நிற்க மாட்டார்” என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னது சரியென்று பட்டது. நான் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். எட்டுப் படங்களில் ஒன்றில்கூட எங்கள் தெருவைப் போன்ற ஒரு தெரு இல்லை. எத்தனை கட்டடங்களைக் காட்டலாம், புகைப்படம் நல்லதா கோட்டோவியம் நல்லதா, தமிழ் எழுத்துகளை எப்படி அமைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: மரபுக் கட்டடச் சீரமைப்பில் இருக்கும் கட்டடக்கலைஞர்

தங்கைக்கு வணக்கம். ஒரே ஒரு வீட்டைக் காட்டுங்கள் என்பதே என் கருத்து. வைசியாள் வீதிக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே தனி மாளிகையைக் காட்டிலும் வரிசையாக நிற்கும் வீட்டு முகப்புகள்தான் அழகு. அந்த முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. தெருவை ஒட்டி, மரத்தூண்கள் மேல் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரைதான் தாழ்வாரம். அது வழிப்போக்கருக்கு நிழல் தருவதற்காகவே அமைந்தது. அதற்கு உள்ளே ஒரு படி உயரத்தில் வருகிறவர்கள் உட்காரத் திண்ணை, அதைத் தாண்டினால் கதவு, கதவைத் தாண்டினால் முற்றம். தெருவில் நடக்கும் அந்நியரிலிருந்து வீட்டு மனிதர்வரை ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கட்டிய வீடு அது. இப்படிப்பட்ட ஒரு வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது முதலில் போவது தாழ்வாரம்தான்; வெயில் நேரத்தில் அந்தத் தெருவில் நடக்கிறவருக்குத்தான் இழப்பு முதலில் தெரியும். உங்கள் சுவரொட்டி அந்த மனிதரிடம் பேசட்டும்.

புகைப்படத்தைவிட அளந்து வரைந்த முகப்புப் படம் நன்றாக வரும். தெரு குறுகலானது, எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் முழு முகப்பும் ஒரே படத்தில் அடங்காது, கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்களெல்லாம் உள்நோக்கிச் சாய்ந்து தெரியும். துண்டு துண்டாகப் படம் எடுத்து, நாடாவால் தூணின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து, அதைக் கொண்டு வரையுங்கள். கிழக்கு மேற்காக ஓடும் தெரு என்பதால் காலை வெயில் கடல் பக்கமிருந்து சுவரை உரசிக்கொண்டு வரும். மேல்மாடியின் சுதை வேலைப்பாடு அப்போதுதான் நிழலும் ஒளியுமாகப் புடைத்துத் தெரியும். வரைவதற்கு முன் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க மறக்காதீர்கள்.

பதில்: அச்சகத்தில் வடிவமைப்புப் பணி செய்பவர்

எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் மாணவர்களின் கோப்புகள் எங்களிடம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். படம் திருத்தும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதியை இயக்காமல் தட்டச்சு செய்தால், ‘தெரு’ என்பதில் முன்னால் வர வேண்டிய கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உங்கள் கணினியில் சரியாக இருந்தாலும் வேறொரு கணினியில் திறக்கும்போது குலைந்துபோகக்கூடும். ஆகவே பிழை திருத்தி முடித்தபின் எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். மேலே வளையும் இகரக் குறிகளும் கீழே இறங்கும் உகரச் சுழிகளும் மோதாமலிருக்க வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். ஏ2 என்பது 420க்கு 594 மில்லிமீட்டர். வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவரின் வெளிர் நிறத்தைத் திரையில் பார்த்து நம்பிவிடாமல், அச்சுக்கான நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றிச் சிறு தாளில் ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பாருங்கள்.

வாசகம் ஒரே வரியாக இருக்கட்டும். ‘காப்போம்’ என்று முடியும் வரிகளைச் சுவரெங்கும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

பதில்: ஊர்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

மகளே, மேரி கட்டடத்தைச் சேர்ப்பதானால் ஒன்றை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது கடற்கரையில் நிற்பது அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் கதை வேறு. 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கியபோதும் தப்பிய மிகச் சில கட்டடங்களில் அது ஒன்று. கீழே மரத்தூண்களுடன் தமிழ் வீடாகவும் மேலே வெள்ளைத் தூண்களுடன் ஐரோப்பிய வீடாகவும் இன்றும் நிற்கிறது. ஆனாலும் முதல் பதிலில் சொன்ன சாதாரண வீடுதான் உங்களுக்குப் பொருத்தம். மாளிகைகளுக்குப் பேசப் பலர் இருக்கிறார்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டுப் படங்களையும் எடுத்துவிட்டேன். எங்கள் தெருவிலேயே தாழ்வாரத்தோடு எஞ்சியிருக்கும் ஒரு வீட்டின் பாட்டியிடம் நேற்று அனுமதி கேட்டேன். அளக்கச் சொல்லிவிட்டு, நான் முடிக்கும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். தூண்கள் அடியில் அரை முழ உயரத்துக்கும், மேலே கைக்கு எட்டும் இடத்திலும் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருந்தன. தலைமுறை தலைமுறையாகத் திண்ணைக்கு ஏறுகிறவர்கள் கைபிடித்த இடம் மேலே, பிள்ளைகள் கால் வைத்துச் சுற்றிய இடம் கீழே என்று அவர் காட்டினார். அந்தத் தேய்மானத்தையும் அப்படியே வரையப்போகிறேன். வாசகம், ‘இந்த நிழலில் நீங்களும் நின்றிருக்கிறீர்கள்’.