7 மாதப் பிள்ளைக்கு எழும்பினதும் வரிசையாக் குலுக்கம்: மட்டக்களப்பில் முதல் எங்கே காட்டுவது?

களுவாஞ்சி_பக்கம் கேட்டது:
அக்காவின் மகளுக்கு 7 மாதம், நிறை 7 கிலோ. நித்திரையால் எழும்பினதும் தலை முன்னுக்குக் குனிஞ்சு ரெண்டு கையும் விரியுது. ஒரு செக்கன்தான். பத்துச் செக்கன் விட்டு மறுபடி. இப்பிடிப் பதினைஞ்சு, இருபது தரம். முடிஞ்சதும் அழுவாள். பத்து நாளாச்சு, முகம் பார்த்துச் சிரிக்கிறதும் குறைஞ்சிட்டு. கிரைப் வோட்டர் கொடுத்துப் பார்த்தாங்க, நூலும் கட்டியாச்சு. கிளினிக் திகதி அடுத்த மாதம். நேரே கொழும்புக்குக் கொண்டு போறதா, இல்லாட்டி தனியாரில் காசு கட்டி ஆரும் வைத்தியரைச் சனல் பண்ணுறதா?

வாவிக்கரை:
ரெண்டும் வேண்டாம். இண்டைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போய் வோர்ட்டில் அட்மிட் பண்ணுங்க. வயித்துவலிப் பிள்ளை முறுகும், காலை மடக்கும்; எண்ணி வைச்ச மாதிரி இடைவெளி விட்டு வராது. சத்தத்துக்குத் திடுக்கிடுறது ஒருதரம் வந்து போகும். நீங்க சொல்றது இன்ஃபன்டைல் ஸ்பாஸம் மாதிரி இருக்கு, கைக்குழந்தைகளுக்கு வாற ஒரு வகை வலிப்பு; வெஸ்ட் சிண்ட்ரோம் எண்டும் எழுதுவாங்க. இல்லையெண்டு குழந்தை நல நிபுணர் பார்த்துச் சொல்லும்வரைக்கும் அதுதான் எண்டு நினைச்சு ஓடணும். மருந்து பிந்தப் பிந்த மூளை வளர்ச்சி பின்னடையும்.

அட்மிட் பண்ணச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கடிதத்தோட கொழும்பு கிளினிக்குக்குப் போனால் நீங்களும் வரிசையில் ஒராள்தான். வோர்ட்டில் இருந்தால் இங்குள்ள நிபுணரே சிறுவர் நரம்பியல் நிபுணரோட போனில் கதைப்பார். அனுப்பத்தான் வேணுமெண்டால் ட்ரான்ஸ்பராக, வைத்தியசாலை அம்புலன்ஸில் அனுப்பலாம். இரத்தச் சீனி, கல்சியம் எல்லாம் அதுக்குள்ள பார்த்து முடிஞ்சிரும்.

போகமுதல் வீடியோ எடுங்க. வைத்தியருக்கு முன்னால பிள்ளை அநேகமாகச் சும்மாதான் கிடக்கும். லைட்டைப் போட்டு, போனைக் கிடையாகப் பிடிச்சு, போர்வையை எடுத்திட்டு, முகமும் கையும் காலும் ஒரே படத்தில் விழ எடுங்க. தூக்கி அணைக்க வேண்டாம், ஆள் பேசவும் வேண்டாம். அஞ்சாறு குலுக்கமாவது ஒரே வீடியோவில் தொடர்ந்து இருக்கணும்.

உடம்பில் இலை மாதிரி வெளிறின அடையாளம் இருக்கா எண்டும் பாருங்க. சொன்னால் வோர்ட்டில் ஊதா விளக்குப் பிடிச்சுப் பார்ப்பாங்க. அது டியூபரஸ் ஸ்க்ளரோசிஸ் (தோலிலும் மூளையிலும் காட்டுற ஒரு பரம்பரை அலகு வருத்தம்) எண்டால் முதல் கொடுக்கிற மருந்தே மாறும்.

வயல்வெளி (அம்பாறை):
சரியாச் சொன்னீங்க நானா. எங்கட பக்கத்து ஆக்களுக்கு கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை எது கிட்டவோ அங்கேயும் இதே வழிதான். மேலே அனுப்பினால் பொரளை லேடி ரிட்ஜ்வே, இல்லாட்டி பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. மஹியங்கனை ரோட்டால கண்டிப் பக்கம் போறவங்க, பதினெட்டு வளைவுக்குக் கிட்டவா மருந்து பருக்க வேண்டாம். வாந்தியில் போனால் எவ்வளவு உள்ளே நிண்டது எண்டு ஆருக்கும் தெரியாது.

ஈ.ஈ.ஜிக்கு (தலையில் வயர் ஒட்டி மூளை அலை பார்க்கிற ரெஸ்ட்) வீட்டிலிருந்து போற நிலைமை வந்தால் ஒரு விசயம். இதுக்கு நித்திரையும் வேணும், எழும்புற நேரமும் வேணும். நைட் பஸ்ஸில் பிள்ளை விடிய விடிய நித்திரை கொண்டிட்டு, ரெஸ்ட் நேரம் முழிச்சு விளையாடும். திரும்பவும் திகதி எடுக்கணும். முதல்நாளே போய்த் தங்கி, விடிய நேரத்தோட எழுப்பி, கட்டிலில் போடும்வரைக்கும் பால் கொடுக்காமல் வைச்சிருங்க. பசியும் களைப்பும் சேர்ந்தால் பால் குடிச்ச கையோட கண் சொருகும். தலைக்கு எண்ணெய் வேண்டாம். முதல்நாள் ஷாம்பு போட்டுக் கழுவுங்க, எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது. எம்.ஆர்.ஐக்கு மயக்கம் கொடுக்கிறதெண்டால் கணக்கு வேற: வழமையா தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம், மாப்பாலுக்கு 6. அங்கே சொல்ற நேரத்தைத்தான் பிடிக்கணும்.

சிங்களம் தெரியாத தாய்மார் மூண்டு சொல்லைக் காதில் வைச்சிருங்க: வலிப்புவ எண்டால் எங்கட வலிப்புத்தான், மீமஸ்மொர எண்டால் அந்த வருத்தத்தின் பேர், பெஹெத் எண்டால் மருந்து.

களுவாஞ்சி_பக்கம்:
பெரிய உதவி. வோர்ட்டில் போட்டாச்சு, ஸ்டீரொய்ட் தொடங்கப் போறாங்களாம். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 குளிசையா? அம்மம்மா பாதி கொடுத்தால் போதும் எண்டு நிக்கிறா.

மருந்துச்சீட்டு:
பாதியாக்கவே கூடாது தங்கச்சி. அந்த ஸ்டீரொய்ட், பிரெட்னிசொலோன் 5 மி.கி. குளிசை 2 வீதம் நாளைக்கு 4 தரம், மொத்தம் 40 மி.கி. இந்த வருத்தத்துக்கு நிறை பார்க்காமல் கொடுக்கிற, பேர்போன அளவு அது. 14 நாளுக்கு 112 குளிசை. ஒரு கிழமையில் நிக்காட்டி 60 மி.கி. ஆக்குவாங்க, மறுகா படிப்படியாக் குறைப்பாங்க. இதே மருந்தை இந்த வருத்தத்துக்குப் போடுற ஏ.சி.டி.எச் எண்ட ஹோர்மோன் ஊசியோட ஒப்பிட்டு இலங்கையிலேயே ஆய்வு நடந்து 2015இல் வெளிவந்தது. வாயால் கொடுக்கிறது ஊசிக்குக் குறைஞ்சதில்லை. இடையில் சட்டெண்டு நிப்பாட்டினால் பிள்ளை சோர்ந்து விழும், உயிருக்கே ஆபத்து. குளிசை முடிய மூண்டு நாளைக்கு முதலே அடுத்ததைக் கையில் எடுத்திருங்க.

பசி கூடும், முகம் உப்பும், நித்திரை வராமல் சிணுங்கும். அது எதிர்பார்த்ததுதான். பிரஷரும் சீனியும் அடிக்கடி பார்க்கணும். வீட்டில் ஆருக்கும் அம்மாள் வந்தால், பிள்ளைக்குக் கொப்புளம் வரும்வரைக்கும் நிக்காமல் உடனே வோர்ட்டுக்குச் சொல்லுங்க. 9 மாதத்து எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி பலவீனமாக்கின உயிர்க்கிருமி உள்ள தடுப்பூசி, அதைத் தள்ளிப்போடணும். எப்ப போடலாம் எண்டு வைத்தியரிடம் பிள்ளையின்ட வளர்ச்சிப் புத்தகத்திலேயே எழுதி வாங்கி, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் காட்டுங்க.

விகாபட்ரின் எண்ட வலிப்பு மருந்து எழுதினால் 500 மி.கி. குளிசையைக் கத்தியால் கால் கால் ஆக வெட்ட வேண்டாம், அளவு பிழைக்கும். 10 மி.லீ. தண்ணியில் கரைச்சால் 1 மி.லீ.இல் 50 மி.கி. வைத்தியர் ஒரு நேரத்துக்கு 175 மி.கி. எண்டு எழுதினால் 3.5 மி.லீ. ஊசி இல்லாத சிரிஞ்சால இழுங்க, தேக்கரண்டி கணக்கு வேண்டாம். மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வெளியில் ஊத்திருங்க.

வாவிக்கரை:
ஒண்டு விட்டுப்போச்சு. குலுக்கம் நிண்டிட்டு எண்டு ரெண்டு கிழமையில் வீட்டுக்கு வந்தாலும், ஈ.ஈ.ஜி திரும்ப எப்ப எண்டு கேட்காமல் வராதீங்க. வெளியில் குலுக்கம் நிண்டும் உள்ளே மூளையில் இந்த வருத்தத்தின் குழப்ப அலை இருக்கலாம். வீட்டுக்கு விடேக்க தாற டயக்னோசிஸ் கார்ட்டை இருபக்கமும் போட்டோ எடுத்து ரெண்டு போனில் வைச்சிருங்க. வேற விதமான வலிப்பு வந்து 5 நிமிசத்துக்குள்ள நிக்காட்டி 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க.