நெல் ஜெயராமன் கொடுத்த இரண்டு கிலோ

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

நெல் ஜெயராமன் ஐயா மறைந்தது 2018 டிசம்பர் 6. கஜா புயல் நவம்பர் 16இல் நம்ம பகுதியைப் புரட்டிப் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. கட்டிமேட்டுக்காரர், நுகர்வோர் இயக்கத்தில் இருந்தவர், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரோடு சேர்ந்த பிறகு நெல் பக்கம் முழுசாகத் திரும்பினார். 2006இல் ஆதிரெங்கத்தில் முதல் நெல் திருவிழா. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நடந்தது. வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை, அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கடைசியில் பாரம்பரிய நெல்லில் 174 ரகம் கையில் இருந்தது.

அவர் நெல்லைச் சேகரித்தார் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். சேகரிப்பது அதில் சின்ன வேலை. சாதாரணமாகக் கட்டி வைத்த விதைநெல் ஓராண்டு தாண்டினால் முளைப்பு சரியத் தொடங்கும். அதனால் 174 ரகத்தையும் ஆண்டுதோறும் மண்ணில் போட்டு எடுக்கணும். 174 நாற்றங்கால், 174 அறுவடை, ஒன்றோடு ஒன்று கலக்காமல் 174 மூட்டை. அந்தப் பாரத்தைப் பல ஊர் வயல்களுக்குப் பிரித்துக் கொடுத்ததுதான் இரண்டுக்கு நாலு என்ற கணக்கு. அந்த விதையை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் வேலை முறையை அளவோடு எழுதுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

இரண்டு கிலோ எதற்குக் காணும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 25, 30 கிலோ போட்டுப் பழகிய கை அப்படித்தான் கேட்கும். ஒற்றை நாற்று நடவில் 2 கிலோவே ஒரு ஏக்கருக்குப் போதும். 25 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 64,000 குத்து, அதாவது நாற்று ஊன்றுகிற இடம், வரும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரிப் பருத்த நெல்லில் ஆயிரம் மணி 25 கிராம் என்று வைத்தால், 2 கிலோவில் 80,000 மணி. நூற்றுக்கு எண்பது முளைத்தால் கணக்கு சரியாக உட்காரும். சீரகச் சம்பா பொடி நெல், அதில் மிச்சமே வரும்.

முதலில் 100 மணியை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்புப் பாருங்கள். 80க்குக் கீழே என்றால் அந்த விதையில் ஏக்கர் முழுக்க நம்பி இறங்க வேண்டாம். அறுத்த சூட்டோடு பார்த்தால் சில ரகம் முளைக்காது, அது உறக்கத்தில் இருக்கும். சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

பிறகு உப்புக் கரைசல். 10 லிட்டர் தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே பழைய நாலணா அளவு தெரிகிற வரைக்கும் உப்பைக் கரைக்கணும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிடிக்கும். விதையைக் கொட்டிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். மணி நுனியில் வால் உள்ள ரகங்கள் காற்றைப் பிடித்துக்கொண்டு நல்ல நெல்லே மிதக்கும், அவசரப்பட்டு அள்ளி எறிந்துவிடக் கூடாது. மூழ்கியதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசணும். உப்பு நின்றுவிட்டால் முளை கெடும்.

நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் போதும், மேட்டுப் பாத்தியாக. 14, 15 நாளில் வேரோடு மண்ணோடு எடுத்து நடணும். நாற்று முற்றினால் தூர், அதாவது அடியிலிருந்து வெடிக்கிற பக்கக் கிளை, குறையும், ஒற்றை நாற்றின் பலனே போய்விடும்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

பட்டம், அதாவது விதைக்கிற பருவம், தவறினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. காட்டுயானம் 180 நாள், மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் ஒட்டி வரும். இந்த மாதிரி நெட்டைச் சம்பாக்கள் பகல் குறுகுவதைப் பார்த்துப் பூப்பவை. கோடையில் விதைத்தால் தோகையாக வளர்ந்துகொண்டே போகும், கதிர் வராது. விதை சரியில்லை என்று பழி போடுவார்கள். திருவிழா மே மாதக் கடைசியை ஒட்டி நடந்ததில் இந்தக் கணக்கும் அடங்கும், விதை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் ஆடிப்பட்டத்துக்கு நேரம் சரியாக இருக்கும். குறுவைக்கு வேண்டுமென்றால் பூங்கார், குள்ளகார்.

அடுத்த தொல்லை சாய்வது. எருவைக் கூட்டிப் போட்டால் கண்டிப்பாகச் சாயும். குட்டை ரகத்துக்குப் போடுகிற அளவை நெட்டை நெல்லுக்குப் போடாதீர்கள். பயிர் மிஞ்சி வளர்ந்தால் தோகை நுனியை அரிவாளால் கொய்து விடலாம், மாட்டுக்கும் ஆகும். பொதி கட்டுவதற்கு முன்னாடியே கொய்யணும். குருத்தில் கதிர் உருவான பிறகு அரிவாள் பட்டால் கதிரே போய்விடும்.

நீடாமங்கலத்திலிருந்து:

ஐயாவின் உழைப்பு பாழாவது பெரும்பாலும் கலப்பில்தான். நெல் தன் மகரந்தத்திலேயே சூல்பிடிக்கிற பயிர். பக்கத்து வயலுக்கு 3 மீட்டர் இடைவெளி இருந்தால் பூவில் கலப்பது மிகக் குறைவு. கலப்பு மனிதர் கையால் வருகிறது: சென்ற போகத்து நெல் தானாக முளைப்பது, உதறாத சாக்கு, கூட்டாத களம், எல்லாவற்றுக்கும் மேலே அறுவடை இயந்திரம். அதன் வயிற்றில் முந்தின வயல் நெல் கிலோக் கணக்கில் தங்கியிருக்கும். விதைக்கான பகுதியைக் கையால் அறுத்துத் தனியாக அடித்தே தீரணும்.

கலவன், அதாவது ஊடே முளைத்த வேறு ரகச் செடி, எடுக்க மூன்று தடவை வயலில் இறங்குங்கள். தூர் கட்டும்போது தண்டின் அடி நிறத்தைப் பாருங்கள். பூக்கும்போது உயரத்தையும் பூக்கிற நாளையும் பாருங்கள், முந்தியோ பிந்தியோ பூத்தால் பிடுங்கிவிடணும். பால் முற்றிய பிறகு நெல்லின் நிறம், வால், மணியின் நீள அகலம். கதிரை மட்டும் ஒடிக்காமல் குத்தோடு பிடுங்கணும், ஒடித்தால் பக்கத் தூர் மறுபடி கதிர் விடும். வரப்போரத்தை விட்டு நடு வயலில் கதிர் தேர்ந்தெடுங்கள். நல்ல கதிர் ஒன்றுக்கு 4, 5 கிராம் நெல் கிடைக்கும், ஆக 4 கிலோவுக்கு ஆயிரம் கதிருக்குக் குறையாமல் வேண்டும். ஒரு ஆள் அரை நாளில் எடுத்துவிடலாம். பத்துக் கதிரில் இரண்டு வேறு நிறத்தோடு திருப்பிக் கொடுத்தால், அது அடுத்தவர் வயலில் பெருகி நாலு ஆண்டில் ரகத்தின் பேர் மட்டும்தான் மிஞ்சும்.

திருவாரூரிலிருந்து:

காயவைப்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் போதும், உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் விதைநெல்லைப் பரப்பினால் முளை வெந்துபோகும். ஈரம் 13 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கணும். மணியைக் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடையும், அதுதான் பதம். சூடு ஆறின பிறகே கட்டணும், சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். காய்ந்த நொச்சி, வேப்பிலை போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். சீட்டு இரண்டு எழுதுங்கள், ஒன்று மூட்டைக்கு உள்ளே, ஒன்று வெளியே. வெளிச் சீட்டை எலி கடித்துவிட்டால் கருப்புக் கவுனியை நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். தூயமல்லியையும் கிச்சிலிச் சம்பாவையும் மூட்டையில் பார்த்துப் பிரிக்க எல்லோராலும் முடியாது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

நன்றிங்க. 2021இல் அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் மரபுசார் நெல் பாதுகாப்புக்கென ஐயா பேரிலேயே ஓர் இயக்கம் அறிவித்தது. நம் கையில் இருக்கிறது மூட்டைதான். வாங்கிய ரகம், வாங்கிய ஆண்டு, கடைசியாக விதைத்த பட்டம், முளைப்பு எண்ணிக்கை, இந்த நாலையும் ஒவ்வொருவரும் எழுதி வையுங்கள். யாரிடமும் இல்லாத ரகம் எது என்று தெரிந்தால், ஆடி பிறப்பதற்குள் பக்கத்து ஊர்களில் தேடிப் பார்த்துவிடலாம்.