பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போச்சு, லேப்டாப் எழும்பல. போர்டே போச்சா?

சிவகாசி டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். சிவகாசியில் வீட்டில் இருந்தபடியே அச்சகங்களுக்கு டிடிபி (கம்ப்யூட்டரில் பக்க வடிவமைப்பு) செய்து கொடுக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் புது காலண்டர் ஆல்பம் வெளியிடணும், அதுக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கு. நேற்று மதியம் லேப்டாப் பயாஸ் (மெஷினை எழுப்புற அடிப்படை மென்பொருள்) அப்டேட் கேட்டுச்சு. சார்ஜர் மாட்டியிருந்தது, பேட்டரி 54 சதவீதம் காட்டியது, சரின்னு ஓகே கொடுத்துட்டேன். பாதி ஓடும்போது கரண்ட் கட். பேட்டரி பழசு. எண்ணிக்கை மட்டும்தான் காட்டும், சார்ஜர் இல்லைன்னா அரை நிமிஷம் தாங்காது. அப்படியே அணைஞ்சுபோச்சு.

இப்போ பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியுது, ஃபேன் வேகமா சுத்துது, கேப்ஸ் லாக் விளக்கு ரெண்டு தடவை மின்னிட்டு நிக்குது, மறுபடி மின்னுது. திரை இருட்டு. சார்ஜரைக் கழற்றிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பார்த்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். டிவியில் கேபிள் போட்டும் படம் வரல. இங்கே ஒரு கடையில் காட்டினதும் "மதர்போர்டு போச்சு, 14,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. மூடியைக்கூடத் திறக்கல. மூணு மாசமா செய்த பக்கங்கள் எல்லாம் அதுக்குள்ளே இருக்கு. போர்டு நிஜமாகவே போயிருக்குமா?

ரிச்சி தெரு சிப்லெவல்:

பயப்படாதீங்கம்மா. நீங்க சொல்ற அறிகுறிக்குப் போர்டு போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. கரண்ட் எல்லா இடத்துக்கும் போகுது, அதனால்தான் விளக்கும் ஃபேனும் வேலை செய்யுது. போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன சிப் இருக்கும், அதுதான் பயாஸ் சிப். பிராசசர் விழிச்சதும் முதலில் படிக்கிறது அதில் உள்ள எழுத்தைத்தான். அது பாதி பழசு, பாதி புதுசாக் கிடக்கு. அவ்வளவுதான் நடந்திருக்கு.

முதல் வேலை உங்க பைல். பயாஸ் சிப் வேற, உங்க பைல் இருக்கிற எஸ்எஸ்டி டிரைவ் வேற. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் எஸ்எஸ்டி வந்துடும். அதே வகைக்கான யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேற கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாத்தையும் காப்பி எடுங்க. டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால், விண்டோஸில் நீங்க நுழையப் பயன்படுத்தின மைக்ரோசாப்ட் கணக்கை போனில் திறந்து பாருங்க, அங்கே இருக்கும். அது கிடைக்காம டிரைவை பார்மட் பண்ண யாரையும் விடாதீங்க.

அடுத்து காசு செலவில்லாத வழி. பல மாடல்களில் அவசரத்துக்குன்னு ஒரு சின்னப் பகுதியை அழியாம பூட்டி வச்சிருப்பாங்க. உங்க மாடல் எண்ணுக்கே உரிய பயாஸ் பைலை கம்பெனி தளத்தில் இறக்கி, ஃபேட்32 முறையில் பார்மட் பண்ணின பென்டிரைவில் போடுங்க. பைலுக்கு என்ன பெயர் வைக்கணும்னு கம்பெனி சொல்லியிருக்கும், ஒரு எழுத்து மாறினாலும் எடுக்காது. பிறகு சாவிகளை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பவர் போடணும். எச்பியில் விண்டோஸும் பி-யும், டெல்லில் கண்ட்ரோலும் எஸ்கேப்பும். கால் மணி நேரம் வரை தொடாம விடுங்க. இந்தத் தடவை இன்வெர்ட்டர் இருக்கிற இடத்தில் செய்யுங்க.

சிவகாசி டிடிபி:

அண்ணே, பைல் எல்லாம் வந்துருச்சு! நீங்க சொன்ன மாதிரியே கீ கேட்டுச்சு, போனில் இருந்துச்சு. என் கணக்கில் அப்படி ஒண்ணு இருக்கிறதே இதுவரை எனக்குத் தெரியாது. இப்போதைக்கு தம்பி கம்ப்யூட்டரில் வேலை ஓடுது. பென்டிரைவ் வழியை நாலு தடவை செய்தேன், அதன் விளக்குகூட மின்னல. மதுரையில் சிப் எழுதித் தர்றதா ஒருத்தர் சொல்றார். கொடுக்கலாமா? என்ன கேட்டுக் கொடுக்கணும்?

ரிச்சி தெரு சிப்லெவல்:

தாராளமாக் கொடுங்க. இது பழைய வைத்தியம்தான். 1999 ஏப்ரல் 26-ல் சிஐஎச் வைரஸ் வெடிச்சு, பயாஸை அழிச்சு நிறைய கம்ப்யூட்டரைப் படுக்க வச்சுது. நான் அப்போ கடையில் எடுபிடிப் பையன். அன்னைக்கு நிறைய போர்டில் சிப் சாக்கெட்டில் இருந்துச்சு. அதே மாதிரி நல்ல போர்டை ஓட விட்டு, ஓடும்போதே அதன் சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பைச் செருகி எழுதுவோம். கை நடுங்கும். இன்னைக்கு சிப் சால்டர் ஆகியிருக்கும், ஆனா அதன் கால்களைக் கவ்வுற கிளிப் போட்டு வெளியிலிருந்தே எழுதலாம்.

மூணு விஷயம் கேட்டு வாங்குங்க.

எழுதுறதுக்கு முன்னாடி, உங்க சிப்பில் இப்போ இருக்கிறதை அப்படியே படிச்சு எடுக்கணும். ரெண்டு தடவை படிக்கணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். சிப் மேல 25க்யூ128-ன்னு எழுதியிருந்தா பைல் சரியா 16 எம்பி இருக்கணும். பொருந்தலைன்னா கிளிப் சரியா உட்காரல, இல்லைன்னா போர்டு கரண்ட்டை இழுக்குது. அப்போ சிப்பைக் கழற்றித்தான் படிக்கணும்.

ரெண்டாவது, இணையத்தில் கிடைக்கிற யாரோ ஒருத்தரோட டம்ப்பை, அதாவது சிப்பிலிருந்து படிச்சு எடுத்த பைலை, முழுசா ஏத்த விடாதீங்க. இதுதான் எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற விஷயம். லேப்டாப் எழும்பிடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாப் போவார். ஆனா சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் வேற யாருடையதோ ஆயிடும். சில போர்டில் நெட்வொர்க் முகவரியும் மாறும். அதே சிப்பில் இருக்கிற இன்டெல் எம்இ (இன்டெல்லோட நிர்வாக மென்பொருள்) பகுதி பொருந்தாம அரை மணிக்கு ஒரு தடவை அணையுற மெஷினையும் பார்த்திருக்கேன். உங்க சொந்த டம்ப்பில் பயாஸ் பகுதியை மட்டும் கம்பெனி பைலிலிருந்து மாற்றணும், மீதி உங்களோடதே இருக்கணும்.

மூணாவது வோல்டேஜ். வின்பாண்ட் கம்பெனி சிப்பில் 25க்யூ128 மாதிரி எண்ணுக்கு அடுத்து ஜேவி-ன்னு இருந்தா 3.3 வோல்ட், ஜேடபிள்யூ-ன்னு இருந்தா 1.8 வோல்ட். பின்னதுக்கு நடுவில் வோல்டேஜைக் குறைக்கிற அடாப்டர் கட்டாயம். வேலை செய்யும்போது பேட்டரி, சார்ஜர் ரெண்டும் கழற்றியிருக்கணும்.

தேனி மின்மினி:

அண்ணன் சொல்றதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். வீட்டிலேயே செய்யலாம்னு சிஎச்341ஏ (சிப்பில் எழுதுற சின்ன யுஎஸ்பி கருவி) வாங்குறவங்க கவனிங்க. கறுப்பு போர்டு வகையில் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருது. மீட்டர் வச்சு அளந்து பார்க்காம சிப்பில் மாட்டாதீங்க.

சிவகாசி டிடிபி:

எழுந்துருச்சு அண்ணே! காலையில் மதுரைக்கு பஸ் ஏறினேன். நீங்க எழுதினதை அவரிடம் போனில் காட்டினேன், முகம் சுளிக்காம முழுசாப் படிச்சார். முதல் ரெண்டு படிப்பும் பொருந்தல, அப்புறம் சிப்பைக் கழற்றியே எடுத்தார். எழுதி மாட்டினதும் திரை இருட்டாவே இருந்துச்சு. தானா அணைஞ்சு ரெண்டு தடவை எழுந்துச்சு. எனக்கு உயிரே இல்ல. "மெமரியைப் புதுசாப் பழகுது, பொறுங்க"ன்னார். மூணாவது தடவை கம்பெனிப் படம் வந்துச்சு. சீரியல் எண் அடியில் ஒட்டியிருக்கிறதோட சரியா இருக்கு. பிட்லாக்கர் மறுபடி கீ கேட்டுச்சு, கொடுத்தேன். 1,800 வாங்கினார். வர்ற வழியிலேயே புது பேட்டரிக்கும் சொல்லிட்டேன்.

ரிச்சி தெரு சிப்லெவல்:

ரொம்ப சந்தோஷம்மா. அவரிடம் ரெண்டு பைலும் கேட்டு வாங்குங்க, முதலில் எடுத்த டம்ப்பும் கடைசியா எழுதினதும். பென்டிரைவில் போட்டு, மேல மாடல் எண்ணை எழுதி வச்சுக்கங்க. அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிடுங்க. பேட்டரி வர்ற வரைக்கும் எந்த பயாஸ் அப்டேட்டுக்கும் ஓகே கொடுக்காதீங்க.